அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும்

உறுப்பு தான விதிகளை எழுதும் ஆணையங்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருடங்களாக வேலை பார்க்கும் நர்ஸ் நான். அதில் பாதிக்கு மேல் இரவு டியூட்டி. இதயம் நின்று இரத்த ஓட்டம் நின்றபின் செய்யும் உறுப்பு தானத்தை, அதாவது டாக்டர்கள் டிசிடி என்று சுருக்கிச் சொல்வதை, இன்னும் பல மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பல நாடுகளில் நீங்கள் கூடிப் பேசுகிறீர்கள். நானும் உங்கள் கட்சிதான். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் எழுதப்போகும் சில விஷயங்கள் எதிர்ப்பு மாதிரித் தோன்றக்கூடும்.

நான் ஏன் உங்கள் கட்சி என்பதற்கு ஓர் இரவைச் சொல்கிறேன். ஐம்பதைத் தாண்டிய மனிதர், மூளையில் பெரிய இரத்தக்கசிவு. எட்டாவது நாள் ஸ்கேனைப் பார்த்த மூன்று டாக்டர்களும், இனி கண் விழிக்க வாய்ப்பில்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் மூளைச்சாவு ஆகவில்லை. சளி எடுக்க சக்‌ஷன் குழாயை விட்டால் மெல்ல இருமுவார். வென்டிலேட்டர் கொடுக்கும் மூச்சுகளுக்கு நடுவே எப்போதாவது தானாக ஒரு மூச்சு இழுப்பார். அந்த இருமலும் அந்த ஒற்றை மூச்சும் இருக்கும்வரை மூளைச்சாவு என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது.

மனைவியும் மகளும் இரண்டு நாள் பேசி, வென்டிலேட்டரை எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இவரோட கிட்னியாவது யாருக்காவது உதவுமா?" என்றார். நாங்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவராகக் கேட்டார். "கண்ணைக் கொடுக்கலாம்மா. கிட்னிக்கு மூளைச்சாவு ஆகியிருக்கணும், இங்க அப்படித்தான்" என்றேன். கருவிழிக்கு இரத்தக்குழாயே கிடையாது, இதயம் நின்று சில மணி நேரம் கழித்தும் எடுக்கலாம். சிறுநீரகம் அப்படிக் காத்திருக்காது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப இவர் இன்னும் மோசமானாத்தான் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. டியூபை எடுத்த இருபத்தைந்தாவது நிமிடம் இதயம் நின்றது. கடைசி நாள் வரை ஒழுங்காகச் சிறுநீர் பிரித்துக்கொண்டிருந்த இரண்டு சிறுநீரகங்களும் அவரோடு போயின.

எங்கள் பிரிவில் மூளைச்சாவு என்று முடிவது கொஞ்சம் பேர்தான். மண்டையோட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சையும், மூளை இரத்தக்குழாயில் அடைத்த இரத்தக்கட்டியை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையும் வந்தபிறகு, மூளைத்தண்டு மட்டும் தப்பித்து மற்றதெல்லாம் போனவர்களை அதிகம் பார்க்கிறோம். அவர்களுடைய குடும்பம் கொடுக்கத் தயாராக இருந்தாலும், விதி இல்லாத இடத்தில் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஜெர்மனியில் இன்றுவரை மூளைச்சாவு ஆனவரிடம் மட்டுமே உறுப்பு எடுக்கலாம். ஸ்பெயினில் சமீப வருடங்களில் இறந்தபின் தானம் செய்வோரில் ஏறக்குறையப் பாதிப் பேர் இதயம் நின்று இறந்தவர்கள். இரண்டு நாட்டிலும் மனிதர்கள் ஒரே மாதிரித்தான் இறக்கிறார்கள்.

இது ஒன்றும் புது வழியும் இல்லை. 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் முதல் மனித இதய மாற்றைச் செய்தபோது மூளைச்சாவு என்ற வரையறையே எழுதப்பட்டிருக்கவில்லை. அதை வரையறுத்த ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவின் அறிக்கை வந்தது 1968இல். அதற்கு முன் இறந்தவரிடமிருந்து எடுத்த உறுப்பென்றால் பெரும்பாலும் இதயம் நின்றவரிடமிருந்து எடுத்ததுதான். மூளைச்சாவு வந்ததும், இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறுப்பு கிடைக்கிறதே என்று எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். பழைய வழி ஓரத்தில் கிடந்தது. 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் கூடியவர்கள்தான் அதைத் தூசு தட்டி எடுத்து, எந்தச் சூழலில் இதயம் நின்றது என்பதை வைத்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். இந்தக் கடிதம் மூன்றாவது வகையைப் பற்றியது. சிகிச்சையை நிறுத்துவது என்று முடிவாகி, இதயம் நிற்பதற்காகக் காத்திருக்கும் வகை.

ஒரு விஷயத்தில் இது மூளைச்சாவைவிட எளிது. நம் பேச்சில் சாவுக்கு என்னென்ன சொல்கிறோம்? மூச்சு அடங்கியது, நாடி விழுந்தது, உயிர் பிரிந்தது. எல்லாம் மூச்சையும் துடிப்பையும் பற்றித்தான். உடம்பு சூடாக இருக்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் பச்சைக் கோடு துள்ளுகிறது, "இவர் இறந்துவிட்டார்" என்று சொன்னால் எந்த மகன் நம்புவான்? மூளைச்சாவை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகும் பாதிப் பேர் தலையை மட்டும் ஆட்டுவார்கள். டிசிடியில் அந்தச் சிரமம் இல்லை. சாவு எல்லோருக்கும் தெரிந்த சாவு. புரியாதது அதற்கு முன்னால் நடப்பது. உங்கள் விதிப் புத்தகங்களில் மெலிந்து கிடப்பதும் அந்தப் பகுதிதான்.

என்ன நடக்கிறது என்று பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு அடுத்த அறையிலோ தியேட்டரிலேயோ வென்டிலேட்டரை எடுக்கிறோம். உறுப்பெடுக்கும் குழு கண்ணில் படாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். மேல் இரத்த அழுத்தம் 50க்குக் கீழே இறங்கியதும் பல நாடுகளில் ஒரு கணக்கு ஆரம்பிக்கிறது. அதிலிருந்து கல்லீரலுக்குச் சுமார் அரை மணி நேரம், சிறுநீரகத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் உறுப்பு கெட்டுவிடும். துடிப்பு நின்றதும் இன்னொரு கணக்கு. யாரும் தொடக் கூடாத நேரம். பல நாடுகளில் ஐந்து நிமிடம். தமனிக்குள் போட்டிருக்கும் ஊசியிலிருந்து வரும் கோடு தட்டையாக இருக்கிறதா என்று ஒரு டாக்டர் பார்த்துக்கொண்டே நிற்பார். ஐந்தாவது நிமிடம் முடிந்ததும் மரணத்தை அறிவிப்பார்.

அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தால் தெரியாது. அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே கோட்டைப் பார்ப்பார்கள். குடும்பம் மட்டும் முகத்தைப் பார்க்கும். மானிட்டரை நான் எப்போதும் குடும்பத்தின் கண்ணுக்குப் படாமல் திருப்பி வைத்துவிடுவேன்.

இந்த நேரத்தைக் குறைக்க ஆசை வரும், வந்தும் இருக்கிறது. அமெரிக்காவின் டென்வரில் குழந்தைகளின் இதய மாற்றுக்காக இரண்டு பேரிடம் 75 விநாடி மட்டுமே காத்திருந்ததாக 2008இல் வெளியான கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. நின்ற இதயம் தானாக மறுபடி துடிக்குமா என்று கனடா, செக் குடியரசு, நெதர்லாந்து மூன்றிலும் 20 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பார்த்து 2021இல் வெளியிட்டார்கள். முழுப் பதிவு கிடைத்த 480 பேரில் 14 சதவீதம் பேருக்கு, நின்றபிறகு ஒரு துடிப்போ சில துடிப்புகளோ திரும்ப வந்திருந்தன. மிக நீண்ட இடைவெளி 4 நிமிடம் 20 விநாடி. யாரும் பிழைத்து எழவில்லை, நினைவும் திரும்பவில்லை. ஐந்து நிமிடம் என்பது பெரும்பாலும் அனுபவத்தில் வைத்த கணக்கு, அது சரியாக வந்திருக்கிறது என்று அன்றைக்கு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதே சமயம் 4.20க்கும் 5க்கும் நடுவே இருப்பது நாற்பது விநாடிதான் என்பதையும் பார்த்தேன். யாராவது "மூன்று நிமிடம் போதுமே" என்று வரைவு எழுதினால் இந்த எண்ணை அவர் முன்னால் வையுங்கள்.

உறுப்பு கெட்டுப்போகுமே என்ற பதற்றத்துக்கும் இப்போது மருந்து இருக்கிறது. இத்தாலியில் சட்டப்படி இருபது நிமிடம் இதயத் துடிப்புக் கோடு தட்டையாக இருக்க வேண்டும். உலகத்திலேயே நீளமான காத்திருப்புகளில் அது ஒன்று. அப்படியிருந்தும் அங்கே இந்த வழியில் கல்லீரல் மாற்று நடக்கிறது. எல்லாம் கருவிகளின் புண்ணியம். முன்பெல்லாம் உறுப்பைக் குளிர்ந்த திரவத்தில் ஐஸ் பெட்டியில் வைப்போம், அவ்வளவுதான். இப்போது ஆக்சிஜன் கலந்த திரவத்தையோ இரத்தத்தையோ அதற்குள் ஓடவிட்டுத் தேற்றுகிறார்கள். டிசிடி கல்லீரலில் பெரிய தொல்லை பித்தக்குழாய் பிற்பாடு சுருங்கிப்போவது. 2021இல் வெளியான ஒரு சோதனையில் சாதாரணமாக ஐஸில் வைத்ததில் 18 சதவீதம் பேருக்கு அது வந்தது, குளிர்நிலையில் ஆக்சிஜன் ஓட்டிய கல்லீரல் பெற்றவர்களில் 6 சதவீதம். இதயம் இந்த வழிக்கு வரவே வராது என்றார்கள். 2014இல் சிட்னியில் நின்றுபோன இதயத்தைக் கருவியில் துடிக்கவைத்துப் பொருத்தினார்கள். 2023இல் வந்த அமெரிக்கச் சோதனையில் ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் 94 சதவீதம், மூளைச்சாவு வழியில் இதயம் பெற்றவர்களில் 90 சதவீதம். சிறுநீரகம் முதல் சில நாள் சோம்பலாக இருக்கும், டயாலிசிஸ் தொடர வேண்டியிருக்கும். அப்புறம் மற்றதைப்போலவே ஓடுகிறது.

ஆகவே பணம் ஒதுக்கும்போது கருவிகளுக்கு ஒதுக்குங்கள். அவசரத்தைக் கருவி வாங்கிக்கொள்ளட்டும், படுக்கையில் இருப்பவர்மேல் போடாதீர்கள்.

இனி இன்னொரு இரவு. இது பிற்பாடு நடந்தது, டிசிடி தொடங்கிய ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம். அறுபது வயது அம்மா, இரண்டு மகன்கள். எல்லாம் முறைப்படி நடந்தது. சிகிச்சையை நிறுத்தும் முடிவு முதலில், தானத்தைப் பற்றிய பேச்சு பிறகு, படிவம், கையெழுத்து. தியேட்டருக்குப் பக்கத்து அறையில் டியூபை எடுத்தோம். பெரியவன் நெற்றியில் கை வைத்திருந்தான். சின்னவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அங்கே வகுத்த நேரம் தொண்ணூறு நிமிடம். அந்த அம்மாவின் இதயம் நிற்கவில்லை. நாற்பதாவது நிமிடம் அழுத்தம் இறங்கியது, மறுபடி ஏறியது. தொண்ணூறு ஆனதும் அடுத்த அறையில் கையுறை கழற்றும் சத்தம் கேட்டது. யாரோ எட்டிப் பார்த்து எனக்குத் தலையசைத்தார்கள். உறுப்பு தான ஒருங்கிணைப்பாளர் வந்து இரண்டு வாக்கியம் பேசிவிட்டுப் போனார்.

இது அபூர்வம் இல்லை. ஒப்புதல் கொடுத்தவர்களில் கணிசமான பேருக்கு இதயம் குறித்த நேரத்துக்குள் நிற்காது. உங்களுக்கும் எனக்கும் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் அழுத்தமாகச் சொல்லியிருக்கவில்லை. படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஐசியூவுக்குத் திரும்பினோம். அம்மா இருந்த இடத்தில் வேறு ஒரு நோயாளி. தியேட்டருக்குப் போனால் திரும்பி வரமாட்டார் என்று பட்டியலில் அடித்துவிட்டார்கள். அறுவை முடிந்தவர்களை வைக்கும் கூடத்தில் ஒரு மூலையில் திரை இழுத்துவிட்டு அம்மாவை வைத்தோம். பக்கத்துத் திரைக்குப் பின்னால் யாரோ மயக்கம் தெளிந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்து மணி நேரம் கழித்து அம்மா இறந்தார். சின்னவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "நாங்க ஏதாவது தப்பு பண்ணிட்டோமா சிஸ்டர்?"

முதல் இரவில் அந்தக் குடும்பத்துக்குக் கதவே இல்லை. இரண்டாவது இரவில் கதவு இருந்தது, உள்ளே யாரும் வீட்டைத் தயார் செய்திருக்கவில்லை. விரிவாக்கம் உறுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து தொடங்கினால் இப்படித்தான் ஆகும். படுக்கையிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் நான் கேட்பது.

பட்டியலிலிருந்து தொடங்கினால் இதைவிட மோசமும் நடக்கும். அமெரிக்காவில் உறுப்பு சேகரிக்கும் அமைப்புகளைத் தானம், மாற்று விகிதங்களை வைத்துத் தரம் பிரித்து, பின்தங்கினால் அங்கீகாரம் போகலாம் என்ற விதி 2020இல் வந்தது. 2025இல் அங்கே அரசு ஒரு பிராந்திய அமைப்பை விசாரித்தது. தொடங்கிப் பாதியில் நின்ற 351 தானங்களைப் புரட்டிப் பார்த்ததில் 103இல் கவலைக்குரிய விஷயங்கள். 73 பேரிடம், தானத்தைத் தொடரவே கூடாது என்று காட்டும் நரம்பியல் அறிகுறிகள். விசாரணையில் தெரிந்ததற்கு அந்த விதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையை மட்டும் அளந்தால், களத்தில் இருப்பவன் காதில் அது "சீக்கிரம்" என்றுதான் விழும். செய்தி வந்ததும் பலர் தானப் பதிவிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். யாரைக் குறை சொல்ல?

அதனால் சிகிச்சையை நிறுத்தும் முடிவை, உறுப்பு மாற்றோடு சம்பந்தமே இல்லாத டாக்டர்கள் எடுத்து, நேரம் போட்டுக் கோப்பில் எழுதட்டும். அந்தக் கையெழுத்து காய்ந்தபிறகுதான் ஒருங்கிணைப்பாளர் அறைக்குள் வரட்டும். குடும்பமே கேட்டால் அது வேறு, அந்த அம்மா என்னிடம் கேட்ட மாதிரி. அப்புறம், "இவர் முழிக்கிறார் மாதிரி இருக்கே" என்று யார் சொன்னாலும், நர்ஸோ, படுக்கை தள்ளும் ஊழியரோ, அந்த நிமிடமே எல்லாம் நிற்க வேண்டும். சொன்னவரிடம் பிற்பாடு விளக்கம் கேட்கக் கூடாது. இதை விதியாகவே எழுதுங்கள். தைரியமான ஆள் டியூட்டியில் இருக்கும் நாளாகப் பார்த்து இது நடக்காது.

வலியும் மூச்சுத் திணறலும் தெரியாமலிருக்கக் கொடுக்கும் மார்ஃபினைப் பற்றி உங்கள் விதிகள் பூசி மெழுகுகின்றன. எங்கள் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? உறுப்புக்காகக் கொன்றுவிட்டார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் சில டாக்டர்கள் வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள். நோயாளி மூச்சுக்குத் திணறுவதை மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தானமே இல்லாமல் இறப்பவருக்கு என்ன கொடுப்போமோ அதையேதான் இவருக்கும் கொடுக்க வேண்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இன்னொன்றும் பூசி மெழுகப்படுகிறது. இறந்ததை அறிவித்தபின் உடம்புக்குள்ளேயே பம்பு வைத்து வயிற்றுப் பகுதிக்கு மட்டும் இரத்தத்தை மறுபடி ஓடவிடும் முறை. மூளைக்கு ஏறாதபடி பெருந்தமனியை அடைத்துவிடுவார்கள். ஸ்பெயின் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறது, கல்லீரலுக்கு நல்ல பலன். மார்பையும் சேர்த்துச் செய்தால் நின்ற இதயம் அதே உடம்பில் மறுபடி துடிக்கும். இதை நிறுத்திவைக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் அமைப்பு 2021இல் கேட்டது. இரத்த ஓட்டம் நின்றது என்றுதானே இறந்ததாக அறிவித்தீர்கள், அதை நீங்களே திரும்ப ஓட்டினால் எப்படி என்பது அவர்கள் கேள்வி. வயிற்றுப் பகுதிக்கு மட்டும் செய்வதை நான் ஏற்கிறேன், அடைப்பு சரியாக விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்தால். மார்புக்குச் செய்வதைப் பொறுத்தவரை என் அளவுகோல் ஒன்றுதான். அதைச் செய்யப்போகிறவர் அந்தக் குடும்பத்தின் எதிரே உட்கார்ந்து, "இதயம் உடம்புக்குள்ளேயே மறுபடி துடிக்கும்" என்று நேராகச் சொல்லட்டும். சொல்ல வாய் வரவில்லையென்றால் செய்ய வேண்டாம்.

குடும்பத்திடம் சொல்ல வேண்டிய இன்னொரு கசப்பும் இருக்கிறது. வீட்டில் ஒருவர் இறந்தால் பக்கத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம். டிசிடியில் மரணத்தை அறிவித்த நிமிடமே கையை விட்டுவிட வேண்டும், படுக்கை நகர்ந்துவிடும். உறுப்பெடுத்து, தைத்து, துடைத்து, சுத்தமான போர்வை போர்த்திய பிறகு மறுபடி பார்க்கலாம், அதற்குச் சில மணி நேரம் ஆகும். இதை முந்தின நாளே சொல்லியிருந்தால் தாங்கிக்கொள்கிறார்கள். சொல்லாமல் விட்டால், அந்தக் கை பிரிகிற விதம் அவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. நான் இப்போதெல்லாம் முந்தின நாளே அவர்களை அந்த அறைக்குக் கூட்டிப்போய், எங்கே நிற்கலாம், எந்தக் கதவு வழியாக வெளியே வருவீர்கள் என்று காட்டிவிடுகிறேன். பத்து நிமிட வேலை. ஆனால் ஆறு நோயாளிகளுக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் இரவில் அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து வரும்? கருவி வாங்கும் பட்ஜெட்டில் இதற்கும் ஓர் ஆளைப் போடுங்கள்.

ஸ்பெயினில் 1989இல் தேசிய அமைப்பைத் தொடங்கியபோது ஒருங்கிணைப்பாளர்களைப் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளேயே, தீவிர சிகிச்சை டாக்டர்களிலிருந்து எடுத்தார்கள். பத்து லட்சம் பேருக்கு ஐம்பதை ஒட்டி தானம் செய்பவர்கள் என்ற அவர்களுடைய எண்ணிக்கையை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. படுக்கைப் பக்கத்தில் நிற்கப் பழகியவர்களைக் கொண்டு அவர்கள் அந்த எண்ணிக்கைக்கு வந்தார்கள்.

ஆண்டறிக்கையில் எத்தனை உறுப்பு என்று போடுகிறீர்கள், போடுங்கள். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் எத்தனை குடும்பம் ஒப்புக்கொண்டும் நடக்காமல் போனது, அந்தக் குடும்பங்களை ஒரு மாதம் கழித்து யாராவது கூப்பிட்டுப் பேசினார்களா என்றும் போடுங்கள். அந்த இரண்டு மகன்களை யாரும் கூப்பிடவில்லை. சின்னவன் கேட்டதற்கு அன்றைக்கு நான் "இல்லப்பா" என்று மட்டும்தான் சொன்னேன், திரைக்குப் பின்னால் அடுத்தவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியாக, நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று. ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி சேருங்கள்: "குறித்த நேரத்துக்குள் இதயம் நிற்காவிட்டால் நோயாளி திரும்பும் அறை எண், உடன் இருக்கும் நர்ஸின் பெயர்." அந்த இரவுக்குப் பிறகு எங்கள் பிரிவில் அதைப் பேனாவால் எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அச்சடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஐசியூ நர்ஸ்